பெண்களுக்கு வாக்குக் கொடுத்தவன்

நல்ல தமிழ் தெரிந்தவனுக்குப் பெண் கொடுக்கலாம். தலைப்பு எழுதும் வேலையை மட்டும் கொடுக்கக்கூடாது.

எண்பத்தாறில் கனடாவின் ஸ்காபரோவில் சில பெண்கள் சேர்ந்து ஒரு பத்திரிகை நடத்தினார்கள். (எட்டுப் பக்கம். எண்ணிப் பார்க்காமல் எனக்கு நித்திரை வராது.) ஒரு இதழில், அந்தக் காலத்தில் வோட்டுரிமை கேட்டுப் போராடிய பெண்கள் நடத்திய பத்திரிகைகளைப் பற்றி ஒரு கட்டுரை. தமிழாக்கம் அடியேன்.

பத்திரிகைக்குப் பொறுப்பான புஷ்பமக்காவை ‘ஆசிரியை’ என்று எழுதினேன்.

“ஆசிரியர் எண்டு போடும். பேனையிலை ஆம்பிளைப் பேனை, பொம்பிளைப் பேனை எண்டு இருக்கே?” என்றார்.

போட்டேன். அடுத்தது தலைப்பு.

“வோட்டு எண்டு போடும் தம்பி. சனத்துக்கு விளங்கும்.”

“வோட்டு தமிழில்லை அக்கா. வாக்கு! இரண்டும் மூன்றெழுத்துத்தான், இடமும் வீணாகாது.”

அக்கா களைத்துப்போய் விட்டுவிட்டார். முதற்பக்கத்தில் கொட்டை எழுத்தில் வந்தது: ‘பெண்களுக்கு வாக்குக் கொடுங்கள்!’ கீழே என் பெயர்.

அப்போதுதான் எனக்குக் கலியாணம் பேசி, மல்வேர்னில் பொம்பிளை வீட்டார் ஓம் என்று சொல்லியிருந்தார்கள். மீன் வாங்கத் தமிழ்க்கடைக்குப் போன வருங்கால மாமனார் அந்தப் பத்திரிகையையும் வாங்கி, தலைப்போடு வாசிப்பை நிறுத்திவிட்டார். உடனே ரெலிபோன்.

“தம்பி, உது என்ன பெண்களுக்கு வாக்குக் குடுக்கிற விசயம்?”

ஒரு வாசகர் கிடைத்த சந்தோசத்தில் ஒரே புளுகம் எனக்கு. “பதினெட்டு வயது வந்த ஒருத்தரையும் விடக்கூடாது மாமா!”

“கலியாணம் முடிச்சவையையுமோ?”

“ஓம் மாமா. புருசன்மாரைக் கேக்கவே தேவையில்லை.”

“அப்ப என்ர மகளை விட்டிடும்!” படாரென்று ரெலிபோன் வைக்கப்பட்டது.

இரண்டு பஸ் மாறி ஓடினேன். கதவு சங்கிலியின் நீளத்துக்குத்தான் திறந்தது. அந்த இடுக்கில் வாயை வைத்து, தமிழன்னை மன்னிப்பாளாக, “மாமா, அது வோட்டு! வோட்டு!” என்று கத்தினேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், நான் ஏதோ தேர்தலில் நிற்கிறேன் என்று நினைத்துக் கை காட்டினார்.

உள்ளே எனக்குப் பேசிய பொம்பிளை கலா விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது.

“வோட்டு எண்டு எழுதத் தெரியாதவனுக்கோ உன்னைக் குடுக்கிறது?” என்றார் மாமனார்.

“அப்பா, எனக்கும் ஒரு வோட்டு இருக்கெல்லே? நான் இவருக்குப் போடுறன்.”

சங்கிலி கழன்றது.

இப்போதும் நான் சோற்றில் உப்பில்லை என்று முணுமுணுத்தால், மகள்மார் தாயைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

“அம்மா, அடுத்த எலெக்சன் எப்ப?”