கங்கம்மாவும் கக்கூஸ் குழியும்

அன்புள்ள மாப்பிள்ளை சிவசாமிக்கு,

அருவங்காட்டுக் குளிரிலிருந்து உங்கள் மச்சான் வெள்ளிங்கிரி எழுதிக்கொள்வது. நீங்களும் பங்கஜமும் திருப்பூரில் நலமாக இருக்க வேண்டும். இங்கே எங்கள் இருவருக்கும் மூச்சு மட்டும் ஒழுங்காக வருகிறது.

இத்தலாரில் வீடு கட்ட வாங்கிய இடத்தை வந்த விலைக்குத் தள்ளிவிட முடிவு செய்துவிட்டேன். ஓர் ஆளைப் பிடித்து அனுப்புங்கள். ரிட்டையர் ஆகிவிட்டதால் ஃபேக்டரி குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். உங்கள் அக்காவை அழைத்துக்கொண்டு எங்கே போய் நிற்பேன் என்று தெரியவில்லை.

எல்லாம் பூமி பூஜையால் வந்த வினை. இடத்தின் கீழ்மூலையில் எருமைகூடச் சட்டை செய்யாத ஒரு நீர்க்கசிவு இருந்தது. உங்கள் அக்கா பாலாமணி, "ஏனுங்க, தண்ணி வர்ற எடத்துல கங்கம்மாவக் கும்புடாம ஊடு கட்டக் கூடாதுங்க" என்றாள். நானும் சும்மா இராமல் சேற்றை வாரி, தொட்டி கட்டி, கல்லுக்கு மஞ்சள் பூசி, சூடம் காட்டி, தெருவையே கூப்பிட்டுப் பொங்கல் கொடுத்தேன். பொங்கல் தின்றவர்கள் மறுநாள் குடத்தோடு வந்தார்கள். கீழ்த்தெரு தாரிணி டீச்சர் தொட்டியில் பைப்பே மாட்டிவிட்டார். புண்ணியம்தானே என்று பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

பிளான் அனுமதிக்காக இடம் பார்க்க வந்த ஆபீசர் யூனிஸ் மேடம் மஞ்சள் கல்லைப் பார்த்தார், குடங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "இது குடிதண்ணி ஊத்துங்க சார். செப்டிக் டேங்க தள்ளித்தான் வெக்கோணும்" என்றார். டேப் பிடித்தோம். அது என் இடத்தையும் தாண்டிப் பக்கத்துக் கேரட் தோட்டத்தில் போய் நின்றது. சரி, கக்கூஸே இல்லாமல் கட்டிக்கொள்கிறேன் என்றேன். உங்கள் அக்கா முறைத்தாள். "அப்படி ஊட்டுக்கு அனுமதியே கெடையாதுங்க சார்" என்றார் மேடம். "அது ஊத்தே இல்லீங்க, வெறும் சேறு" என்று கடைசியாகச் சாதித்துப் பார்த்தேன். குடத்தோடு நின்ற தாரிணி டீச்சர், "ஏனுங்கண்ணா, நீங்கதானுங்களே சூடம் காட்டிப் பொங்கல் வெச்சீங்க?" என்று கேட்டுவிட்டார். முந்திரி வேறு அள்ளிப் போட்டிருந்தேன், மாப்பிள்ளை.

வேலை பார்த்த காலமெல்லாம் அரசாங்கக் கூரைக்குக் கீழே தூங்கியாயிற்று. சொந்தக் கூரையைப் பார்த்தபடி ஒரு நாளாவது கண் விழிக்கலாம் என்று இருந்தேன். அதுவும் போயிற்று. ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வருகிறது. இப்படியொரு சட்டம் போட்டவன் நல்லாவே இருக்க மாட்டான். வாங்க வருகிறவரிடம் ஊற்றைப் பற்றி மூச்சு விடாதீர்கள். சாயங்காலமாகக் கூட்டி வந்தால் மேகமூட்டத்தில் கல் தெரியாது.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதம். பங்கஜத்தின் முட்டிவலிக்குத் தைலம் கொடுத்தனுப்புகிறேன்.

இப்படிக்கு,
போக்கிடம் இல்லாத
வெள்ளிங்கிரி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் தாரிணி டீச்சரிடமிருந்து போன். "அண்ணா, மேல ரிசார்ட் கட்டறவங்க நம்ம ஊத்துக்கு நேர் மேட்டுல செப்டிக் டேங்குக்குக் குழி எடுக்கறாங்க!" எனக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ! யூனிஸ் மேடத்தைக் கையோடு கூட்டிப் போய் டேப் பிடித்தோம். ஒரு நுனியைப் பிடித்தது நான்தான். வேலை நின்றது. "அப்ப இந்தச் சரிவுல யாருமே கட்ட முடியாதுங்க சார், நீங்களுந்தான்" என்றார் மேடம். எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். இனி அந்த இடத்தை எவனும் வாங்க மாட்டான், ஆளை அனுப்ப வேண்டாம். இதுவரை படிப்பதற்குள் பிடித்துவிட்டிருந்தால் திருப்பூரிலேயே ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பிவிடுங்கள். உங்கள் மாடி அறை காலியாகத்தானே இருக்கிறது? தண்ணீருக்குக் கவலை வேண்டாம், வரும்போது கேனில் பிடித்து வருகிறோம்.