மீட்டர் அளந்த சாலை

மனிதர்கள் கொடுக்கும் தொல்லையை அளக்க ஒரு கருவி இருந்தால், எங்கள் தெரு மீட்டரின் மேல் வைத்த உடனே அது உடைந்துவிடும். உடைந்த துண்டு எத்தனை சென்டிமீட்டர் என்று அவரே அளந்தும் சொல்வார்.

மீட்டர் என்பது பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும் தெரியும். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் முப்பது வருஷம் துணி அளந்து கிழித்தவர். வேலையை விட்டு நின்ற அன்று முதலாளி, "என்ன வேணும், கேளுங்க" என்றாராம். வேறு ஆளாக இருந்தால் வேட்டி சேலை கேட்டிருப்பான். இந்த மனுஷன் துணி அளக்கும் இரும்பு மீட்டர் கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது எங்கள் தெருவுக்குச் சனி.

அடி, முழம், கஜம், மைல் எல்லாம் அவருக்கு ஆகாது. "நாடு மாறி எம்புட்டு வருசமாச்சு? இன்னும் பழசையே புடிச்சுத் தொங்குறீக!" என்று வழிமறித்துச் சண்டை போடுவார். என் மகளுக்குக் காய்ச்சல் நூற்றிரண்டு என்று வாசலில் நின்று போனில் பதறிக்கொண்டிருக்கிறேன். "செல்சியஸ்ல சொல்லு தம்பி" என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கம்பியைப் பிடுங்கி அவரையே அளந்திருப்பேன்.

பூக்காரம்மாவிடம் தினமும் தகராறு.

"ஏத்தா, காலையில உம் முழம் நாப்பத்தஞ்சு சென்டிமீட்டரு. சாயங்காலம் நாப்பத்தொண்ணு. கை தேஞ்சுபோச்சா?"

"கம்பியத் தூக்கிக்கிட்டு அங்குட்டுப் போறீகளா, இல்ல அதாலயே வாங்கிக்கிட்டுப் போறீகளா?"

இப்படிப்பட்டவரின் கண்ணில்தான் எங்கள் ஊர் எல்லைக் கல் பட்டது. 'கல்லல் 4 கி.மீ.' என்று எழுதிய கல். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் படிக்கக் கல்லலுக்குத்தான் போக வேண்டும். இருக்கும் ஒரே பஸ்ஸும் பள்ளிக்கூட நேரத்துக்கு வராது. கருவேலங்காட்டு வழியாக நடைதான். எட்டு முடித்த பெண் பிள்ளைகள் வருஷா வருஷம் வீட்டில் உட்கார்ந்தார்கள். எங்கள் பள்ளியை உயர்த்தித் தாருங்கள் என்று மனு போட்டால், "உயர்நிலைப் பள்ளி அஞ்சு கிலோமீட்டருக்கு மேல இருந்தாத்தான் ஆகும். உங்களுக்கு நாலுதானே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். போன் மேப்பில் ஆறு என்று காட்டுகிறதே என்றால், "போன் சுத்துவழி காட்டும், கல்லு பொய் சொல்லாது" என்று பதில். என் மகள் அப்போது எட்டாவது. அடுத்த வருஷம் என்ன செய்வது என்று என் வீட்டில் தினம் ஒரு சண்டை.

டீக்கடையில் மீட்டர் அறிவித்தார்: "அது நாலே இல்ல. நான் அளக்கப் போறேன்."

எதால்? அந்தக் கம்பியால்! கம்பியைச் சாலையில் கிடத்துவது, நுனியில் சாக்பீஸ் கோடு போடுவது, கோட்டிலிருந்து மறுபடி கிடத்துவது. நூறு முறைக்கு ஒரு புளியங்கொட்டை சட்டைப்பைக்குள். நான் பைக்கில் பின்னாலேயே போய்க் கேலி செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் எதிரே வருகிறவரை "எங்க போறீக?" என்று கேட்காமல் விடுவது மரியாதை இல்லை. பதில் சொன்னால் இவருக்கு எண்ணிக்கை போய்விடும். முதல் நாள், "வாயத் தொறந்து பேசக்கூட மாட்டேங்குறாரு, என்னா திமிரு" என்றார்கள். இரண்டாம் நாள் யாரோ, "பாவம், வேண்டுதல் போல" என்று கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். வழியிலிருந்த ஊர்ப் பெண்கள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து சாலையிலும் அவர் காலிலும் ஊற்ற, போட்ட கோடெல்லாம் போச்சு. மனுஷன் நின்ற இடத்தில் அழுதுவிட்டார். பக்தியைப் பார் என்று அதற்கும் கும்பிட்டார்கள். பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்து ஐந்தாம் நாள்தான் முடித்தார். அறுபத்துநாலு புளியங்கொட்டை, அதற்கு மேல் முப்பத்தேழு கம்பி: ஆறாயிரத்து நானூற்று முப்பத்தேழு மீட்டர்.

என்னையே சிவகங்கைக்கு வண்டி ஓட்டவைத்தார். அங்கே கல்வி அலுவலகத்தில் அதிகாரி கணக்கைக் கேட்டுவிட்டு, "ஜவுளிக்கடைக்காரர்தானே? துணியை இழுத்து அளக்கிற மாதிரி ரோட்டையும் இழுத்துட்டீங்களா?" என்றார். அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தேன்.

திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஊர் எல்லையில் இறங்கி, கம்பி முனையால் அந்தக் கல்லில் 'கி.மீ.' என்ற எழுத்தைச் சுரண்டினார். பெயிண்ட் உதிர்ந்தது. கீழே சிமெண்ட் உதிர்ந்தது. அதற்கும் கீழே உளியால் வெட்டிய எழுத்து: 'மைல்'.

நாடு கிலோமீட்டருக்கு மாறியபோது எங்கள் கல்லுக்கு வந்த புண்ணியவானுக்கு எண்ணைக் கொத்தி எடுக்கச் சோம்பல். மைலைப் பூசி மறைத்து, மேலே கி.மீ. என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறான். மீட்டர் அளந்ததும் சரியாக அந்த நாலு மைல்தான்; அது அன்றே நாலு கிலோமீட்டராகச் சுருங்கிவிட்டது. அதை நம்பி நாங்களும் கால் வலிக்கிறது என்ற பிள்ளைகளை, "நாலு கிலோமீட்டர் நடக்கத் துப்பில்ல" என்று திட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களைச் சொல்ல வேண்டும்.

கல்லைப் படம் பிடித்து அனுப்பினோம். ஆட்கள் வந்தார்கள், டேப் பிடித்தார்கள், வாயை மூடிக்கொண்டு போனார்கள். ஜூன் மாதம் எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கியது. என் மகள் முதல் பெஞ்சு.

கல்லைத் திருத்தவும் ஒருவர் வந்தார். மிச்சமிருந்த சிமெண்டைப் பெயர்த்தார். கறுப்புப் பெயிண்டால் அழகாக எழுதினார்: 'கல்லல் 4 மைல்'.

"என்னங்க இது?" என்றேன்.

"நாலு வெட்டுன எழுத்து சார். அதை அழிக்க ஆர்டர் இல்லை. தப்பு பின்னால இருந்த எழுத்துலதான்."

நாட்டில் வேறெங்கும் இல்லாத மைல், மீட்டரின் முயற்சியால் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது! பூக்காரம்மாவின் நாலு சென்டிமீட்டருக்கே குதிக்கிறவர், இதற்கு அலுவலகத்தையே பெயர்ப்பார் என்று காத்திருந்தேன். வந்தார். பார்த்தார். கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

"என்னண்ணே, மனு எழுதலையா?"

"பேசாம வா தம்பி. மனுப் போட்டா பைலத் தொறப்பாங்ய. அந்தப் பயலுக பைலத் தொறந்தா, புள்ளைக பள்ளிக்கூடத்த மூடிப்புடுவாங்ய. இருந்துட்டுப் போகுது மைலு."

இப்போதும் மாதம் ஒருமுறை அவரை வண்டியில் கல்லலுக்கு ஏற்றிக்கொண்டு போகிறேன். வழி முழுக்க அறுவை. ஆனாலும் அந்தக் கல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், "அண்ணே, இங்குட்டுப் பாருங்க" என்று எதையாவது காட்டி அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறேன்.