டெஸ்டர் சார் ஏசிக்குக் கட்டிய வீடு

மெக்கானிக்கைக் கூப்பிடுவதைத் தன் மானத்துக்கு நேர்ந்த இழுக்காக நினைக்கும் ஓர் இனம் நம்மிடையே உலவுகிறது. கண்டுபிடிப்பது எளிது. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் டெஸ்டர் இருக்கும். விருந்துக்குப் போனாலும், அந்த வீட்டு ஃபேன் ‘கடகட’ என்கிறதா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் தட்டைக் கையில் வாங்குவார். வீட்டில் ஒரு பொருள் கெட்டால் மற்றவர்கள் முகம் வாடும். இவர் முகம் மலரும். “யாரும் தொடாதீங்க, நான் பார்த்துக்கறேன்” என்பார். அதற்குப் பிறகு அந்தப் பொருளை யாராலும் தொட முடியாது.

இவர்களைக் கேலி செய்ய உனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். இருக்கிறது, பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு அந்த இனத்தில் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வோம்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் தொடங்கி எல்லோருக்கும் அவர் டெஸ்டர் சார்தான். பெயின்ட் கம்பெனிக் கிடங்கில் மேலாளர். மின்சாரம் பற்றி அவர் முறையாகக் கற்றது பள்ளிக்கூடத்தோடு சரி. அதனால் என்ன? அவர் கை வைக்காத பொருள் அந்த வீட்டில் இல்லை. அவர் சரி செய்த இஸ்திரிப் பெட்டி இன்றும் சூடாகிறது, வயரை இடது பக்கம் வளைத்துப் பிடித்துக்கொண்டால். அவர் சரி செய்த மிக்ஸி ஓடுகிறது, மூடியின் மேல் ஓர் ஆள் கிட்டத்தட்ட ஏறி உட்கார்ந்தால். அவர் சரி செய்த காலிங் பெல் கணீரென்று அடிக்கிறது, அடிக்கும்போது சமையலறை விளக்கு மட்டும் கொஞ்சம் மங்கும். “ஓடுதா இல்லையா? அதைச் சொல்லு” என்பார். ஓடத்தான் செய்கிறது.

இப்படிப்பட்டவருக்கு இரண்டு மாதத்துக்கு முன்னால் ஏசியின் மேல் இரக்கம் பிறந்தது. சமையலறையை ஒட்டிய பால்கனியில் அதன் அவுட்டோர் யூனிட் பகலெல்லாம் வெயிலில் காய்ந்துகொண்டு நின்றது. ஊரையெல்லாம் விட்டுவிட்டு நம் வீட்டைக் குளிர வைப்பதற்காக உழைக்கிற ஜீவன் இப்படி வெயிலில் நிற்கலாமா? மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் பலகை அறுத்தார். சரிவான கூரை வைத்து, கிடங்கில் மிஞ்சிய பெயின்டில் மூன்று பூச்சுப் பூசி, ஓரத்துக்குப் பச்சைக் கோடு போட்டு அதற்கு ஒரு மரவீடே கட்டிவிட்டார். பின்பக்கம் பால்கனிக் கம்பியை ஒட்டித் திறந்திருக்கும்; மற்ற பக்கமெல்லாம் பலகை. முன்பக்கம், அதாவது விசிறி இருக்கும் பக்கம், புறா நுழையாமலிருக்கக் கீல் வைத்த கதவு. கதவுக்குப் பித்தளைத் தாழ்ப்பாள். போட்டாலும் திறந்தாலும் ‘டக்’ என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்காகவே அன்று பத்துத் தடவை திறந்து மூடினார், சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்து போய் இன்னும் இரண்டு தடவை. 

கணக்கு டீச்சரான அவர் மனைவி மரவீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குங்க” என்றார். அன்றிலிருந்து ஏசி முன்னைவிட நன்றாகக் குளிர்கிறது என்பது டெஸ்டர் சாரின் கட்சி. டீச்சர் மறுத்ததில்லை.

போன வியாழக்கிழமை காலை டீச்சர் தன் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக ஊருக்குக் கிளம்பினார். ஞாயிறு மாலை அவரை இங்கே அழைத்து வந்து, ஏசி அறையில் வைத்துப் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. அப்பா பற்றிய கவலையில் முகம் சிறுத்திருந்தது. ஆட்டோவில் ஏறும்போது, “பால்கனியில துணி காயுது, சாயங்காலம் மறக்காம எடுத்துடுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். டெஸ்டர் சார் தலையை ஆட்டினார். துணி எடுப்பது அவர் நிபுணத்துவத்தில் சேராத வேலை; தலையாட்டியதோடு அதை மறந்தும் போனார்.

அன்று மாலையே ஏசி மக்கர் செய்தது. காற்று வந்தது, குளிர் வரவில்லை.

“யாரும் தொடாதீங்க” என்றார். வீட்டில் இருந்தது காலேஜில் படிக்கும் மகள் ஒருத்திதான். அவளும் எட்டத்தான் நின்றாள். ரிமோட்டில் பதினாறு வைத்தார். ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றி உள்ளங்கையில் உருட்டித் திரும்பப் போட்டார். ஃபில்டரைக் கழுவி மாட்டினார். நாற்காலி மேல் ஏறி, காற்று வரும் வாயில் ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டரைச் சொருகி, மூன்று நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு டார்ச்சோடு பால்கனிக்குப் போய், தொங்கிக்கொண்டிருந்த சேலைகளையும் துண்டுகளையும் தலையால் விலக்கி, மரவீட்டின் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் யூனிட்டின் தலையில் மூன்று தட்டு தட்டினார்.

பத்து நிமிடத்தில் மகள் உள்ளேயிருந்து கத்தினாள். “அப்பா! குளிருது!”

“தட்டறது பெரிசில்ல. எங்க தட்டணும்னு தெரியணும்” என்றார் டெஸ்டர் சார். ஒரு வேலையைச் செய்தால் முழுசாகச் செய்யும் மனிதர் என்பதால், கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டுவிட்டு வந்தார். டக். அரை மணி நேரத்தில் அறை மறுபடி புழுங்கியது.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்து ஒரு வீடியோ பார்த்தார். அதில் ஒருவர் கேஸ் கசிகிறது என்றார். ஷேவிங் பிரஷ்ஷில் சோப்பு நுரை எடுத்துக்கொண்டு போய், கதவைத் திறந்து, செப்புக் குழாய் முழுக்கப் பூசினார். முட்டை முட்டையாக நுரை வருகிறதா என்று கால் மணி நேரம் குத்த வைத்துப் பார்த்தார். வரவில்லை, ஆனால் ஏசி குளிர்ந்தது! சோப்பே ஓட்டையை அடைத்துவிட்டது என்று முடிவு கட்டினார். கதவைச் சாத்தினார். டக். 

சனிக்கிழமை பழைய பல் பிரஷ்ஷால் யூனிட்டின் தகடுகளைப் பல் துலக்குவதுபோல் துலக்கினார். அதற்கும் குளிர்ந்தது. டக். அதற்கப்புறமும் புழுங்கியது. இதையெல்லாம் அவர் ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்தார்: ‘வியாழன், தட்டல், குளிர்ந்தது. வெள்ளி, சோப்பு, குளிர்ந்தது. சனி, பிரஷ், குளிர்ந்தது.’ தாழ்ப்பாள் போட்டதை மட்டும் எழுதவில்லை. தன் நல்ல பழக்கத்தையெல்லாம் யார் எழுதி வைப்பார்கள்?

அன்று சாயங்காலம் டீச்சர் போன் செய்தார்.

“ஏங்க, ஏசி ஓடுதுல்ல? டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு. வியர்வை கண்ணுல இறங்கவே கூடாதாம். இறங்கினா சீழ் வெச்சுடுமாம்.”

“ஓடாம என்ன? இப்பத்தான் மூணாவது தடவையா சரி பண்ணிட்டு வரேன்.”

“மூணாவது தடவையா?”

“நீ போன அன்னிலேருந்து அதுக்கு உடம்பு சரியில்ல. உன் மேல அவ்வளவு பாசம்.”

“துணி எடுத்தீங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

“துணியா? நான் என்ன பாடு பட்டுட்டிருக்கேன், நீ துணியைக் கேக்கற!” என்று போனை வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை அவருக்கு மாமனார் ஞாபகம் வந்தது. இந்த மாமனார் சாதாரண மாமனார் இல்லை. கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை அவருடைய ரேடியோவைப் பிரித்து மாட்டி, என்ன காரணத்தாலோ அது பாடிவிட்டது. அன்று முதல் இருபத்திரண்டு வருஷமாக உலகத்தில் டெஸ்டர் சாரை முழுசாக நம்பும் ஒரே மனிதர் அவர்தான். அவருடைய கண்ணில் வியர்வை இறங்கலாமா? டெஸ்டர் சார் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, மகள் காதில் விழாமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு, ரகசியமாக மெக்கானிக்குக்குப் போன் போட்டார். “இன்னிக்கு லீவு சார். நாளைக்குத்தான்” என்றார் மெக்கானிக். வாழ்க்கையில் முதல் தடவையாக மெக்கானிக்கைக் கூப்பிட்டார், அவரும் வரவில்லை.

மாலை ஐந்து மணிக்கு மாமனார் வந்துவிட்டார். ஒரு கண்ணை மூடிப் பிளாஸ்டிக் மறைப்பு. கைத்தாங்கலாகக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். ஏசி ‘உஸ்’ என்று சத்தம் போட்டுக்கொண்டு வெறும் காற்றை ஊதியது.

“கொஞ்சம் புழுக்கமா இருக்கு. பரவால்ல மாப்பிள்ளை, நீங்க இருக்கீங்கல்ல” என்றார் அவர்.

நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. ஒரு சொட்டு புருவத்தை நோக்கி இறங்கியது. டெஸ்டர் சார் பாய்ந்து துண்டால் ஒற்றினார். அடுத்தது கிளம்பியது. அதையும் ஒற்றினார். மறுகையில் இருந்த ஸ்க்ரூடிரைவர் அவருக்கே பாரமாகத் தெரிந்தது. மனைவி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்குத் தெரியலம்மா” என்றார் டெஸ்டர் சார் மனைவியிடம், மெல்லிய குரலில். “எல்லாம் பண்ணிட்டேன். என்னன்னே புரியல.”

மகள் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் வாயிலிருந்து அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை.

டீச்சர் கணவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு, “அப்பாவைப் பார்த்துக்கோங்க, துணி எடுத்துட்டு வரேன்” என்று பால்கனிப் பக்கம் போனார். 

இந்த நேரத்திலா துணி என்று டெஸ்டர் சார் வாயெடுத்தார். எடுத்த வாய் அப்படியே நின்றது. பால்கனியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. டக். ஆயிரம் சத்தத்துக்கு நடுவிலும் அவருக்கு அடையாளம் தெரியும் சத்தம்.

துண்டை மகளிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனார். டீச்சர் மூன்று நாள் காய்ந்து விறைத்துப்போன துணிகளைக் கொடியிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். மரவீட்டின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து அனல் தடையில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது. திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும், பழக்க தோஷம், டெஸ்டர் சாரின் கை அதைச் சாத்தப் போனது.

“சாத்தாதீங்க” என்றார் டீச்சர்.

கை அந்தரத்தில் நின்றது. சூடான காற்று அதன் மேல் பட்டுக்கொண்டே இருந்தது. தட்டல், சோப்பு, பிரஷ் என்று நோட்டில் எழுதிய மூன்று வரியும் அவர் கண் முன்னால் வந்து போயின.

“எத்தனை நாளா?” என்று கேட்டார்.

“நீங்க கட்டின அன்னிலேருந்து. சாயங்காலம் துணி எடுக்கறப்போ திறந்துடுவேன். காலையில காயப்போடறப்போ சாத்திடுவேன்.”

“ரெண்டு மாசமாவா? வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“எப்படிங்க சொல்றது? மூணு ஞாயித்துக்கிழமை அறுத்தீங்க. சோறு ஆறிப்போறது தெரியாம ஓடி ஓடிப் போய்ப் பார்த்துட்டு வந்தீங்க. உங்க முகத்தைப் பார்த்தப்புறம் எனக்கு மனசு வரலை.” துணிக் குவியலுக்கு மேலே அவர் கண் கலங்கியிருந்தது. “அப்பா ஞாபகத்துல கதவை மறந்துட்டேன். போன்ல கேட்டப்போகூட சொல்ல வாய் வரலை. துணி எடுக்கப் போனா, கதவு மூடியிருந்தா அனல் வெளிய வர்றதில்லன்னு உங்களுக்கே தெரிஞ்சுடும்னு நினைச்சேன்.”

டெஸ்டர் சாருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு மாதமாகத் தினம் இரண்டு வேளை ஒருத்தி தன் பெருமைக்குக் காவல் இருந்திருக்கிறாள்! சட்டென்று அவருக்கு இன்னொரு பயமும் வந்தது. 

“இந்த மாதிரி வேற ஏதாவது இருக்கா?”

டீச்சர் பாதித் துணியை எடுத்து அவர் கையில் திணித்தார். “வாங்க, மடிக்கணும்.”

பத்து நிமிடத்தில் அறைக்குள்ளிருந்து மாமனாரின் குரல் வந்தது. “ஆகா! எப்படிக் குளிருது! உங்க கை ராசியே ராசி மாப்பிள்ளை!”

“என் கை இல்ல மாமா, உங்க பொண்ணு கை” என்றார் டெஸ்டர் சார், ஒரு பாவாடையை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டு.

“தன்னடக்கம் வேற!” என்று உள்ளே சிரித்தார் மாமனார். நெற்றி காய்ந்திருந்தது.

அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலையில் முதல் வேலையாக மரவீட்டின் கதவைக் கீலோடு கழற்றினார். அதுவரை பாராட்டலாம். அதற்குப் பிறகு வந்து சேர்ந்த மெக்கானிக்கை நிற்க வைத்து, “வெயிலும் படக்கூடாது, காத்தும் தடைபடக் கூடாது. ரெண்டு மாச ஆராய்ச்சி!” என்று முக்கால் மணி நேரம் பாடம் நடத்தினார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் சாயங்காலம் துணி எடுப்பது அவர்தான். கொடியை உயரத்தில் ஏற்றி இறக்க ஒரு கப்பி மாட்டப் போவதாகவும் கேள்வி.

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. உங்கள் வீட்டில் நீங்கள் கை வைத்துச் சரி செய்த ஏதோ ஒன்று இன்றுவரை பிசகில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும் நேரத்தில் வீட்டில் யார் எழுந்து போகிறார்கள், என்ன காரணம் சொல்லிவிட்டுப் போகிறார்கள் என்று இன்றைக்கு மட்டும் கவனியுங்கள். தகுதி என்று ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான்: எங்கள் குளியலறைக் குழாயை நானே பிரித்துச் சரி செய்தேன். ஆறு மாதமாக ஒரு சொட்டுக்கூடச் சொட்டவில்லை. தினமும் நான் குளித்துவிட்டு வந்ததும் என் மனைவி, “சோப்பு இருக்கான்னு பார்த்துட்டு வரேன்” என்று உள்ளே போகிறாள். குழாய் ஒரு தடவை ‘கிறீச்’ என்கிறது. எங்கள் வீட்டில் சோப்பு ஏன் இவ்வளவு வேகமாகக் கரைகிறது என்றுதான், இந்த வரியை எழுதும் வரைக்கும், நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.