மாப்பிள்ளைக்கு ஒரு நீல முக்காலி

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவனைச் சும்மா உட்கார விடக் கூடாது. விட்டால் கைப்பேசியில் எதையாவது பார்ப்பான். பார்த்ததைச் செய்தும் தீர்ப்பான். சில வருடங்களுக்கு முன்பு நான் பார்த்தது, கடைந்த மரத்துக்குப் பாலில் வண்ணம் செய்து பூசும் வித்தை.

வெள்ளைக்காரர் ஒருவர் வெண்ணெய் எடுத்த பாலைத் திரியவைத்து, சுண்ணாம்பும் வண்ணப்பொடியும் கலந்து கிண்ணங்களுக்குப் பூசினார். என் லாத்தாவுக்கு அப்போது நிக்காஹ் நெருங்கியிருந்தது. (அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.) பெரியபட்டினத்தில் எங்கள் குடும்ப வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். அவருடைய உம்மாவுக்கோ ஒரே மகன். அனுப்ப மனமே இல்லை.

"நம்ம வீடு அவுகளுக்குப் பிடிக்கணும்டா. பிடிக்காட்டி உம்மாகிட்டயே திரும்பிப் போயிருவாக" என்று லாத்தா கவலையில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

மாப்பிள்ளை முதன்முதலில் உட்கார நானே முக்காலி செய்வதாக வாக்குக் கொடுத்தேன். தெரிந்த பட்டறையில் பூவரச மரத்தை லேத்தில் கொடுத்துக் கடைந்தேன். பலகையும் கால்களும் வழுவழுவென்று வந்தன. அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

வெண்ணெய் எடுத்த பால் என்பது வெள்ளைக்காரரின் கஞ்சத்தனம் என்று முடிவுகட்டினேன். மாப்பிள்ளைக்குப் போய்த் தண்ணிப் பாலா? ஆடை மிதக்கும் எருமைப்பாலை எடுத்தேன். என் உம்மா, "நல்ல காரியத்துக்குச் சீனி இல்லாமயா?" என்று ஒரு கை அள்ளிப் போட்டார். நான் தடுக்கவில்லை. (சீனியால் பளபளப்பு கூடும் என்று எனக்குள்ளிருந்த விஞ்ஞானி சொன்னான்.) வண்ணத்துக்கு, வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கலந்தேன்.

நிக்காஹ் அன்று காலையிலும் முக்காலி விரலில் ஒட்டியது. "மேல ஒரு துணியாச்சும் விரிடா" என்று லாத்தா கெஞ்சினாள். துணி போட்டால் என் நீலம் யார் கண்ணுக்குத் தெரியும்? மறுத்துவிட்டேன்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டியில் எங்கள் வீட்டுக்கு வந்து முக்காலியில் அமர்ந்தார். கொஞ்ச நேரம் புன்னகைத்தார். பிறகு நெளிந்தார். குனிந்து பார்த்தேன். பத்திரிகை வைத்து அழைத்ததுபோல் ஊர் எறும்பெல்லாம் முக்காலிக்கால் வழியே ஏறிக்கொண்டிருந்தன. புதுமாப்பிள்ளை சபையில் சொறியவா முடியும்? வீடியோக்காரர் வேறு, "அப்படியே அசையாம இருங்க" என்றார்.

கடைசியில் அவர் துள்ளி எழுந்தார். முக்காலியும் கூடவே எழுந்து, சற்று யோசித்து, தொப்பென்று விழுந்தது. வேட்டியின் பின்புறம் பெரிய நீல வட்டம். கதவோரம் நின்ற லாத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த விமானம் எப்போது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளையின் உம்மா மகனைச் சுற்றி வந்து அந்த வட்டத்தை நிதானமாகப் பார்த்தார்.

"இப்பவே ஒட்டிப் பிடிச்சுக்கிட்டாகளேடா உன்னைய. சரி, இங்கனயே இருந்துக்க" என்றார். முதலில் சிரித்ததும் அவர்தான். அடுத்து மாப்பிள்ளை, சொறிந்துகொண்டே. லாத்தா அழுதபடியே சிரித்தாள். எனக்கு உயிர் திரும்பி வந்தது.

மச்சான் இன்றும் எங்களோடுதான் இருக்கிறார். ஆனால் எதில் உட்காரும் முன்பும் விரலால் தடவி, முகர்ந்து பார்ப்பார். போன மாதம் அவர் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனோம். தலைமையாசிரியை நாற்காலியைக் காட்டி, "உட்காரும்மா" என்றார். அவள் விரலால் தடவினாள், முகர்ந்தாள், குனிந்து கால்களையும் பார்த்தாள்.

"இது எங்க மாமா செஞ்சது இல்லைல?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.