அபரன் ஹரிகுமார்

இந்தத் தடவை என் ஓட்டு ஒருத்தருக்கும் கிடையாது என்று பங்குனி மாதக் காலை ஒன்றில் தோசைத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சபதம் செய்தேன்.

"ஒருத்தருக்கும் கிடையாதுன்னா?" என்று செண்பகம் தோசையைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள்.

"மூணு முன்னணிக்கும் கிடையாது. ஒருத்தன் போன தேர்தலுக்குக் கும்பிட்டுட்டுப் போனான். பொறவு ஆளையே காணோம். இன்னொருத்தன் வெள்ளம் வந்தா வருவான், வெள்ளத்தோடயே வடிஞ்சிருவான். மூணாமத்தவன் டிவியை விட்டு இறங்க மாட்டான்."

"இன்னொரு தோசை வைக்கவா?"

"வை."

என் சபதங்களை அவள் இப்படித்தான் கௌரவிப்பாள்.

எனக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் குடைக்கடை. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். வீடு ஸ்ரீவராகத்தில் ஒரு குறுக்குச் சந்தில். சந்து நெடுக ஒரு சாக்கடை ஓடை. ஓடை என்று பெயர்தானே தவிர அது ஓடியதே இல்லை. மழை பெய்தால் மட்டும் கிளம்பும். கிளம்பினால் நேராக எங்கள் சமையலறைக்கு வரும். போன ஆனி மாதம் அரிசிப் பானை மிதந்துபோய் மிக்ஸியில் முட்டியது. பதினொரு வருஷமாக மனு எழுதுகிறேன். மூன்று முன்னணிக்காரர்களும் பதில் போட்டிருக்கிறார்கள். மூன்று பதிலிலும் ஒரே வாசகம்: 'பரிசீலனையில் உள்ளது.' அடுத்த மழைக்கு இரண்டே மாதம் இருந்தது. எனக்குத் தூக்கம் போயிருந்தது.

சபதம் செய்த அன்று சாயங்காலம் விஜின் கடைக்கு வந்தான். முப்பது வயசு, வெள்ளை முண்டு. ஒரு முன்னணியின் இளைஞர் பிரிவில் ஓடியாடுகிறவன். எந்த முன்னணி என்று சொன்னால் நாளைக்கு நான் கடை திறக்க முடியாது.

"சேட்டனோட பேரு ஹரிகுமார்தானே?"

"ஆமா."

"இனிஷியல்?"

"எஸ்."

அவன் முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. "மூணு பேரும் வேண்டாம்னு சேட்டன் சாயாக்கடையில சொன்னீங்களாமே. வாயால சொன்னாப் போதுமா? நீங்களே சுயேச்சையா நில்லுங்க. உங்களைப் போல ஒரு சாதாரணக்காரன் வரணும்."

"உங்க பார்ட்டி?"

"பார்ட்டி கிடக்கட்டும். நான் சேட்டனோட ஆராதகன்."

ஐம்பத்திரண்டு வயசில் எனக்கு முதல் ரசிகன் கிடைத்தான். முன்மொழியப் பத்துப் பேரையும் தானே கொண்டு வருவதாகச் சொன்னான். மூன்று குடை வாங்கினான். பேரம்கூடப் பேசவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். செண்பகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உங்க பேரைத் தவிர வேற என்னத்தைக் கேட்டான் அவன்?"

"இனிஷியலைக் கேட்டான்."

"அது சரி." கொஞ்ச நேரம் கீரையை ஆய்ந்தாள். "நில்லுங்க. நான் தடுக்கலை."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இருபத்தாறு வருஷத்தில், நான் சட்டை எடுப்பதைக்கூட அவள் தடுக்காமல் விட்டதில்லை.

"ஆனா ஒண்ணு. தேர்தல் ஏஜென்ட் நான்தான். பேப்பர் காரியமெல்லாம் மலையாளத்துல இருக்கும். நீங்க எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்கதுக்குள்ள அடுத்த தேர்தல் வந்துரும். நான் விரல் வைக்குத எடத்துல கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். அவள் மலையாளம் மீடியத்தில் படித்தவள். விரல் நகர நகர என் பேனா பின்னால் போயிற்று. கலெக்டரேட்டில் உறுதிமொழி வாசித்தபோது என் குரல் நடுங்கியது. தேசத்தை நினைத்து நடுங்கியது என்று விஜின் சொன்னான்.

வெள்ளிக்கிழமை பரிசீலனையில் என் மனுவை ஏற்றுக்கொண்டார்கள். சனிக்கிழமை காலைப் பேப்பரில் என் போட்டோ வந்திருந்தது. பாஸ்போர்ட் போட்டோ. மேலே பெரிய எழுத்தில் தலைப்பு: 'அபரன்மார் களத்தில்.'

கேரளத்தில் தேர்தல் பார்த்தவர்களுக்கு அபரன் யாரென்று தெரியும். பெரிய வேட்பாளர் ஒருவருக்கு என்ன பெயரோ, அதே பெயரில் எதிரிகள் தேடிப் பிடித்து நிறுத்துகிற இன்னொரு ஆள். ஜனங்கள் பெயர் குழம்பி அவனுக்குக் குத்துவார்கள், பெரியவருக்கு ஓட்டுக் குறையும். எங்கள் தொகுதியில் ஒரு முன்னணியின் வேட்பாளரை எல்லாரும் ஹரி மாஷ், அதாவது ஹரி வாத்தியார், என்பார்கள். சுவரிலும் ஹரி மாஷ், பேனரிலும் ஹரி மாஷ். மாஷின் முழுப்பெயர் எஸ்.ஹரிகுமார் என்பதும், ஓட்டு மெஷினில் அதுதான் இருக்கும் என்பதும் எனக்கு அந்தப் பேப்பரைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

காப்பி முண்டில் கொட்டியது.

ஏழு மணிக்கு உமாசங்கர் போன் செய்தார். எங்கள் சந்து முனைக்காரர். குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஹரி மாஷ் கட்சியின் வார்டுப் பொறுப்பும் அவருக்குத்தான்.

"என்ன ஓய், இப்படிப் பண்ணிட்டீரே? போன தடவை எங்க ஆளு ரெண்டாயிரம் ஓட்டுலதான் தோத்தார். உம்ம பேரால மூவாயிரம் போச்சுன்னா நாங்க என்ன பண்ணுவோம்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது ஓய்."

"எங்க ஆளுக எல்லாரும் கொதிச்சுப் போயிருக்கா. நான் சொன்னாக் கேப்பான்னு சொல்ல முடியாது. ஜாக்கிரதையா இரும்."

கடைக்குப் போனேன். எதிர்வரிசையில் பைக்கில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னையே பார்த்தார்கள். குடையும் வாங்கவில்லை, போகவும் இல்லை. பெயர் தெரியாத நம்பர்களிலிருந்து போன். எடுத்தால் பேச்சில்லை, மூச்சு மட்டும். பத்து மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

"ஏட்டி, நான் இன்னிக்கே வாபஸ் வாங்குதேன்."

"திங்கக்கிழமை மூணு மணி வரைக்கும் நேரம் கிடக்கே."

"அதுக்குள்ள எனக்கு என்னமாவது ஆச்சுன்னா?"

"அதுக்குத்தான் சொல்லுதேன், இங்க இருக்காதிய. கல்லாறுக்குப் போங்க. எலிசாள் வீட்டுல ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு. போனை எங்கிட்ட தந்துட்டுப் போங்க. போனை வச்சு ஆளைக் கண்டுபிடிச்சிருவாவ. வாபஸ் காரியத்தை நான் பாத்துக்கிடுதேன்."

அவள் கண் கலங்கியிருந்தது. என் மேல் இவ்வளவு பாசமா என்று நெகிழ்ந்துபோனேன். அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எலிசாள் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள். கல்லாற்றில், பொன்முடிக்குப் போகிற வழியில் சாயாக்கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் ஆறு பாறை பாறையாகத் தாவிப் போகும். மலைக்குப் போகிறவர்களெல்லாம் அங்கே இறங்கிப் போட்டோ எடுப்பார்கள். எனக்கு அதுவே பெரிய உபத்திரவமாகிவிட்டது. எவன் மொபைலைத் தூக்கினாலும் என்னைத்தான் எடுக்கிறான் என்று தோன்றும். கார் நின்றால் வாழைக்குலைக்குப் பின்னால் போய்விடுவேன். சனி, ஞாயிறு இரண்டு நாளில் ஆற்றை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. குலையில் எத்தனை பழம் என்று மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டூரிஸ்ட் வேன் டிரைவர்கள் இரண்டு பேர் சாயா குடித்தபடி பேப்பர் பார்த்தார்கள்.

"திருவனந்தபுரத்துல ஒரு அபரனைக் காணோமாம். ரெண்டு முன்னணியும் தேடுதாம்."

"ஓட்டு வாங்கிட்டுப் போனவங்களை நாம அஞ்சு வருஷம் தேடறோம். அவங்க ஒருத்தனைத் தேடறதுன்னா, ஆளு கொள்ளாம், கெட்டிக்காரன்தான்."

"எனக்கு அங்க ஓட்டு உண்டுன்னா அவருக்குத்தான் போடுவேன்" என்றாள் எலிசாள், கண்ணாடி கிளாஸைக் கழுவிக்கொண்டே. "எனக்கு ஓட்டு ஆற்றிங்கல் தொகுதியில ஆயிப்போச்சு."

வாழைக்குலைக்குப் பின்னால் நான் நிமிர்ந்து நின்றேன்.

அன்று முழுக்க அதையே யோசித்தேன். நான் ஏன் வாபஸ் வாங்க வேண்டும்? மாஷ் பிறப்பதற்கு நாலு வருஷம் முன்னாலேயே என் அப்பா எனக்கு ஹரிகுமார் என்று பெயர் வைத்தாயிற்று. நியாயமாகப் பார்த்தால் அவர்தான் எனக்கு அபரன். பதினொரு வருஷம் மனு எழுதியவன் நான். மூன்று பேரும் வேண்டாம் என்று வீட்டுக்கு வீடு முனகுகிறார்கள், அதைச் சொல்ல மெஷினில் ஒரு பொத்தான் வேண்டாமா? திங்கட்கிழமை காலையில் எழுந்தபோது பயம் போயிருந்தது. முழுக்கப் போயிற்று என்று சொல்ல மாட்டேன்.

"எலிசாளு, ஊருக்கு பஸ் எப்ப?"

"எதுக்கு அண்ணா?"

"போய் வாபஸைத் தடுக்கணும். நான் நிக்கப் போறேன்."

"பதினொரு மணி பஸ் இன்னிக்கு இல்ல அண்ணா. இனி ஒரு மணிக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மொபைலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனாள். பதினொரு மணிக்கு ஒரு பஸ் சத்தம் கேட்டது. கேட்டதற்கு, அது வேற பஸ் என்றாள்.

கிழக்கேகோட்டையில் இறங்கும்போது மணி மூன்று பத்து. செண்பகம் என்னைக் கேட்காமல் கலெக்டரேட்டுக்குப் போயிருக்க மாட்டாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே ஸ்ரீவராகத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சந்துக்குள் திரும்பியதும் வழி தவறிவிட்டதோ என்று நின்றேன். நாற்றம் இல்லை. நாற்றம் இல்லாமல் எனக்கு எங்கள் சந்து அடையாளம் தெரியவில்லை. ஓரமெல்லாம் கறுப்புச் சேறு குவிந்து கிடந்தது. ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தது. சந்தின் இந்த முனையில் ஒரு முன்னணியின் கொடி, அந்த முனையில் இன்னொன்று. நடுவில் புத்தம்புது சிமென்ட் ஸ்லாப்புகள், அவற்றின் மேல் மூன்றாவது கொடி.

உமாசங்கர் இடுப்புவரை சேறும் சிரிப்புமாக நின்றார். "வாரும் ஓய்" என்றார் வாய் நிறைய. அந்த முனையில் விஜின் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான். மறுபடி குனிந்து கழுவினான். எனக்கு இருந்த ஒரே ரசிகனும் போய்விட்டான் என்று தெரிந்தது.

செண்பகம் ஆட்டோவிலிருந்து இறங்கிய களைப்போடு மின்விசிறிக்கடியில் இருந்தாள்.

"இதெல்லாம் என்ன?"

"ஓடை."

"அது தெரியுது. யாரு செஞ்சா?"

"சனிக்கிழமை நீங்க பஸ் ஏறின உடனே உமாசங்கர் வந்தாரு. எப்படியாவது வாபஸ் வாங்க வைக்கணும்னாரு. எங்க வீட்டுக்காரரு பிடிவாதக்காரரு, இந்த ஓடை சரியானா ஒருவேளை மனசு இளகும்னு சொன்னேன். மத்தியானமே இருபது ஆளு மண்வெட்டியோட வந்துட்டாவ. அதைப் பாத்துட்டு விஜின் வந்தான். சேட்டன் பின்மாறக் கூடாதுன்னான். அவரு பயந்த சுபாவம், வாசல்ல ஓடை இப்படி நாறுனா ஆளுக்குத் தெம்பு எப்படி வரும்னு கேட்டேன். அவன் அந்த முனையில இருந்து கோரத் தொடங்கிட்டான்."

"மூணாவது கொடி?"

"அவங்களுக்கு என்ன காரியம்னே தெரியாது. ரெண்டு கட்சி வேலை செய்யுது, பேப்பர்காரன் போட்டோ எடுக்கான், நாம இல்லாம எப்படின்னு ஸ்லாப்பை லாரியில ஏத்திட்டு வந்துட்டாவ."

"அப்போ வாபஸ்?"

"ரெண்டே முக்காலுக்குக் குடுத்தேன். கடைசி ஸ்லாப் போட்டு முடிச்ச பொறவுதான் ஆட்டோ பிடிச்சேன்."

"நான் கையெழுத்தே போடலையே."

"போட்டிய. வேட்பு மனு அன்னிக்கே. நான் விரல் வச்ச ஏழாவது எடம்."

"அப்போ அன்னிக்கே உனக்கு..."

"அவன் இனிஷியல் கேட்டான்னு சொன்னியளே, அப்பவே தெரியும்."

"முதல்லயே சொல்லியிருக்கலாமே. நான் அங்க ரெண்டு நாளு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"சொல்லியிருந்தா நீங்க நின்னிருக்க மாட்டிய. நீங்க நிக்கலைன்னா ஓடை ஓடாது. இங்க இருந்திருந்தா முதல் ஆளு வந்து மிரட்டினப்பவே வாபஸ் வாங்கியிருப்பிய."

"இப்ப எனக்குத் தைரியம் வந்தாச்சு செண்பகம்."

"தெரியும். எலிசாள் காலையிலயே போன் பண்ணிட்டா. அவதான் பாவம், பதினொரு மணி பஸ்ஸை உங்க கண்ணுல காட்டாம மறைக்கப் பெரும்பாடு பட்டிருக்கா."

கோபத்தில் எனக்கு மலையாளம் வந்தது, தமிழ் வந்தது, இரண்டும் முட்டிக்கொண்டு ஒன்றும் வெளியே வரவில்லை. கடைசியில், "மூவாயிரம் ஓட்டு வாங்கியிருப்பேன்" என்றேன்.

"வாங்கியிருப்பிய. மாஷுன்னு நினைச்சுப் போட்டிருப்பாவ. ஆளு தெரியாமப் போடுத ஓட்டை வாங்கி வச்சுக்கிட்டு நீங்க என்ன செய்வீய?"

வெளியே ஓடைத் தண்ணீரின் சத்தம் கேட்டது. மழை இல்லாமல் அந்தச் சத்தத்தை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

"அப்போ ஓட்டை யாருக்குத்தான் போட?" என்றேன்.

"இன்னும் பதினெட்டு நாளு இருக்கு. தெருக்குழாய்ல தண்ணி வரலை. அதுக்கு எவன் முதல்ல வாரான்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

"நான் நிக்கணும்னு வந்தவன்" என்றேன், அடிவயிற்றிலிருந்து.

"நின்ன வரைக்கும் போதும். கையைக் கழுவிட்டு உக்காருங்க" என்று அவள் தட்டை எடுத்து வைத்தாள்.

உட்கார்ந்தேன்.