ஃபயர்வாலுக்கு வெளியே நான்

ஒரு விஷயத்தை முழுசாகத் தெரிந்தவன் தயங்குவான். ஒன்றுமே தெரியாதவன் யாரையாவது கேட்பான். யூடியூபில் நாலு வீடியோ பார்த்தவன் மட்டும்தான் நேராகக் குதிப்பான். நான் குதித்தவன்.

அப்போது ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் எனக்கு வேலை. பிரிண்டருக்கு மை போடுவேன், வைரஸ் பிடித்த லேப்டாப்பைச் சரிசெய்வேன். (வீட்டில் என்னை ‘இன்ஜினியர்’ என்பார்கள். நானும் மறுத்ததில்லை.) என் அக்கா யோகா கொழும்பில் கார்மெண்ட்ஸ் வேலையை விட்டுவிட்டு வந்து, சிவனொளிபாத மலைக்கு வருகிறவர்கள் தங்குவதற்காக நல்லதண்ணியில் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுத்திருந்தாள். அவளுடைய இத்தனை வருஷ உழைப்பும் அந்த வீட்டுக்குள் போயிருந்தது. சீசன் தொடங்குவதற்குள் ரூம் புக் பண்ண ஒரு வெப்சைட் வேண்டும். தம்பி இருக்கும்போது வெளி ஆள் எதற்கு?

வெப்சைட்டை வைக்க ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்தேன். எந்த ஓஎஸ் வேண்டும் என்று கேட்டது. விண்டோஸ் எனக்குப் பழக்கம். லினக்ஸைத் தொட்டதே இல்லை. ஆகவே லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன்.

“ஏன்டா, தெரிஞ்சத வச்சா பத்தாதா?” என்றாள் அக்கா.

“பெரிய பெரிய சைட்டெல்லாம் இதுலதான்கா ஓடுது.”

“சரி, ரிப்பேரானா யாரு பாக்குறது?”

“இது ரிப்பேரே ஆகாதுக்கா!”

லினக்ஸைக் குறை சொல்ல மாட்டேன், அது கடைசிவரை ரிப்பேராகவே இல்லை. ஆனால் சர்வர் எடுக்கிறவன் முதலில் கேட்க வேண்டியது அக்கா கேட்ட அந்தக் கேள்வியைத்தான். தையல் மெஷின்களோடு மல்லுக்கட்டியவளுக்கு அது தானாக வந்தது.

திறப்பு விழாவுக்குப் பொகவந்தலாவையிலிருந்து சித்தப்பா குடும்பமே பஸ் பிடித்து வந்துவிட்டது. நல்ல நேரத்தில் ஐயர் முதல் புக்கிங்கை அமுக்குவதாக ஏற்பாடு. அன்று காலையில்தான் எனக்குப் பாதுகாப்பு ஞானம் பிறந்தது. திருடன் வந்தால்? எங்கேயோ படித்த கட்டளையை அப்படியே அடித்து ஃபயர்வாலைப் போட்டேன். எல்லா வாசலும் பூட்டிக்கொண்டது. ஜனங்கள் வரும் வாசல், நான் உள்ளே போகும் வாசல், எல்லாம்.

கற்பூரம் காட்டி முடித்த ஐயர் போனை அமுக்கினார். வெள்ளைத் திரை. மறுபடி அமுக்கினார்.

“தம்பி, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கே?”

“மழைங்க சாமி, சிக்னல் இல்ல.” (வெளியே நல்ல வெயில்.)

அக்கா என்னை ஓரமாக இழுத்தாள். “உள்ள போயி தொறந்து விடேன்டா.”

“நான் போற கதவையும் சேத்துப் பூட்டிட்டேன்கா.”

இப்படி மாட்டிக்கொண்டவன் உள்ளே போக, சர்வர் கொடுத்த கம்பெனியின் வெப்சைட்டிலேயே பின்வாசல் ஒன்று இருந்தது. அது பிறகு தெரிந்த விஷயம். அப்போது என் கண்ணில் பட்டது, ஓஎஸ்ஸைப் புதிதாகப் போடும் பட்டன் மட்டும். அமுக்கினேன். கதவு திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. வெப்சைட் மொத்தமும் அழிந்திருந்தது. பேக்கப்? எடுத்திருந்தேனே! அதே சர்வருக்குள் பத்திரமாக வைத்திருந்தேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் கன்னத்தில் அறைந்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அக்கா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கேக் வந்த பெட்டியைக் கிழித்து, அட்டையில் தமிழிலும் சிங்களத்திலும் இங்கிலீஷிலும் எழுதினாள். நேராக பஸ் ஸ்டாண்டுக்குப் போய் நின்றாள்.

“ரூம் இருக்குங்க! காமர தியெனவா! ரூம், ரூம்!”

பின்னாலேயே போன நான் வாயைப் பிளந்து நின்றேன். குழந்தையோடு இறங்கிய ஒரு குடும்பத்திடம் அவள் சுடுதண்ணி வசதியைச் சொன்ன அழகில் எனக்கே ஒரு ரூம் எடுக்கத் தோன்றியது. பொழுது சாயும் முன்னே வீடு நிறைந்தது. இடமில்லாமல் சித்தப்பா குடும்பம் சமையல்கட்டில் படுத்தது.

அந்த சீசன் முழுக்க அட்டைதான் எங்கள் வெப்சைட். நான் கடையில் கிடந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, உடைத்து, மறுபடி போட்டுக் கற்றேன். அடுத்த சீசனுக்கு அதே லினக்ஸில் சைட் எழுந்தது. பேக்கப் வேறு இடத்தில்.

பிறகு என் கல்யாணம். முதல் முடிச்சை நான் போட்டேன். மிச்ச முடிச்சுகளைப் போட வேண்டிய அக்கா, தாலிக் கயிற்றைப் பிடித்தபடி என் காதருகே குனிந்தாள்.

“டேய், நல்லா யோசிச்சுக்க. இதுக்கு பேக்கப் கெடையாது.”

எங்கள் கல்யாணப் படத்தில் தாலி கட்டும் நேரத்தில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஏன் என்று கேட்கிறார்கள். என் மனைவி கதையைப் போனை அமுக்கிய ஐயரிலிருந்து தொடங்குகிறாள்.