கேட்டவரெல்லாம் கெட்டவர்

"நான் கெட்டவளா? சொல்லுங்க, நான் யார் குடியைக் கெடுத்தேன்?"

தையல்கடை அம்மாள் போட்ட சத்தத்தில் அலுவலகமே திரும்பிப் பார்த்தது. மேசைமேல் அவர் வீசிய தாளை எழுத்தர் எடுத்துப் படித்தார். நன்னடத்தைச் சான்றிதழ். முதல் வரியிலேயே 'சான்றிதழ் கெட்டவர்' என்று இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாளின் பெயர்.

"அம்மா, அது கெட்டவர் இல்ல, கேட்டவர். சான்றிதழ் வேணும்னு கேட்டவர். 'கே'வுக்கு இரட்டைக் கொம்பு. மேல் சுழி விழாம ஒத்தைக் கொம்பா நிக்குது."

"ஏன் விழல? ஆபீஸ்ல உக்காந்துட்டா உங்களுக்கு என்ன ரெண்டு கொம்பா முளைச்சிருக்கு?"

"ரெண்டு முளைச்சிருந்தா வம்பே இல்லம்மா" என்றார் எழுத்தர் பரிதாபமாக.

சுழி தானாக ஒன்றும் விழாமல் போகவில்லை. மேடம் விழவிடவில்லை. அலுவலகத்தின் அதிகாரியான மேடம், சிக்கனப் பயிற்சி என்று ஒன்றுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது நன்றாகத்தான் போனார். வரும்போது ஒரு எழுத்துருவோடு வந்தார். நோயிலிருந்து எழுந்து வந்தது போல ஒல்லியான எழுத்து. அதையும் பாதி அளவுக்குச் சுருக்கி, "இனிமே எல்லாமே இதுலதான். குண்டு எழுத்து மையைக் குடிக்குது" என்று உத்தரவு போட்டார்.

"மேடம், நம்ம எழுத்துல சுழி, வளைவெல்லாம் நிறைய. இவ்வளவு ஒல்லியாப் போட்டா பாதி தெரியாது."

"உங்களுக்குக் கண்ணாடி மாத்தணும்."

அதோடு நிற்கவில்லை. 'மையைச் சேமிப்போம்' என்று வழவழத் தாளில், நான்கு வண்ணத்தில், தடித்த எழுத்தில் அச்சடித்து எல்லாச் சுவரிலும் ஒட்டச் சொன்னார். கழிப்பறைக் கதவில்கூட ஒன்று. அதைப் பார்க்கும்போதெல்லாம் எழுத்தருக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த ஒரு சுவரொட்டி குடித்த மையில் ஊருக்கே சுழி போடலாமே, கேட்க நாதியில்லையா?

கேட்டிருப்பார். ஆனால் அவருக்கு மைத்துனன் ஒருவன் இருந்தான்.

நாலு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தம்பி, கூடத்து சோபாவில் வேர்விட்டுவிட்டான். டிவி ரிமோட் அவன் கையில். மின்விசிறி அவன் தலைக்கு மேல். சொந்த வீட்டில் எழுத்தர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, மைத்துனனுக்குப் பிடித்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், "என் தம்பி உங்க கண்ணை உறுத்துறானா?" என்று மனைவி கண்ணைக் கசக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் அவனுக்குத் தூரத்து ஊரில் ஒரு கிடங்கில் வேலை அமைந்தது. தங்க அறை உண்டு, மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்று மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றார்கள். இந்த நேரத்தில் மேடத்தைப் பகைத்துக்கொண்டால் கையெழுத்து எங்கிருந்து கிடைக்கும்? எழுத்தர் வாயை மூடிக்கொண்டார். மைத்துனனின் சான்றிதழைத் தானே தட்டச்சு செய்து, கையெழுத்து வாங்கி, அவன் கையில் கொடுத்து அனுப்பினார். அன்று சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கூடப் பார்த்தார்.

சாயங்காலமே திரும்பி வந்துவிட்டான்.

"மாமா, என்னைக் கெட்டவன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களாம். கிடங்கு மேனேஜர் சிரிக்கிறாரு. வேற கொண்டு வரச் சொல்லிட்டாரு."

"மனசுல இருக்கறதுதான் கையில வரும்" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

மறுநாள் காலை எழுத்தர் நேராக மேடத்திடம் போனார். தையல்கடை அம்மாளைப் பற்றிச் சொன்னார். மைத்துனனைப் பற்றிச் சொல்லவில்லை. மேடம் யோசித்தார்.

"எழுத்தை மாத்த முடியாது. ஒவ்வொரு சான்றிதழோடவும் ஒரு விளக்கச் சீட்டு வைங்க. 'கெட்டவர்' என்றிருப்பதைக் 'கேட்டவர்' என்று வாசிக்கவும். அவ்வளவுதான்."

சீட்டும் அதே எழுத்தில்தான் அடிக்கப்பட்டது. வெளியே வந்தபோது அதில் இப்படி இருந்தது: 'கெட்டவர்' என்றிருப்பதைக் 'கெட்டவர்' என்று வாசிக்கவும்.

முன்பாவது சிலர் பிழையாக இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இப்போது அலுவலகமே முத்திரை குத்தி உறுதி செய்துவிட்டதே! வாசலில் கூட்டம் கூடியது. எல்லாருக்கும் புதுச் சான்றிதழ் அடித்துத் தரவேண்டியதாயிற்று.

"அந்த வார்த்தையே வேணாம்" என்றார் மேடம். "கேட்டவர்னு போடாதீங்க. கோரியவர்னு போடுங்க."

"மேடம், அதுலயும் இரட்டைக் கொம்பு."

"எதுக்கெடுத்தாலும் கொம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க."

அடுத்த நாள் பலசரக்குக் கடைக்காரர் சான்றிதழை ஆட்டிக்கொண்டு வந்தார். "கொரியவராமே! நான் இந்தத் தெருவைத் தாண்டினதில்ல. என்னை எப்படிய்யா கொரியாக்காரனாக்கினீங்க? நாளைக்கு என்னை நாடு கடத்தினா கடையை நீ பாத்துப்பியா?"

மறுபடியும் புதுச் சான்றிதழ். இந்த முறை பழைய 'கேட்டவர்' என்ற வார்த்தையையே போட்டு, விடுபட்ட சுழியைப் பேனாவால் போடச் சொன்னார் மேடம். எழுத்தர் குனிந்து சுழி சுழியாகப் போட்டார். கையால் திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டும், முத்திரை வேண்டும், திருத்தியதன் நகல் கோப்புக்கு வேண்டும், திருத்தாததன் நகலும் வேண்டும். கட்டுக் கட்டாகத் தாள் வந்து இறங்கியது. அலுவலகம் வாடகைக்கு எடுத்திருந்த அச்சு இயந்திரம் இளைப்பில்லாமல் ஓடி, ஒருநாள் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. வாடகைக்கு விட்ட கம்பெனியின் ஆள் ஓடிவந்து சரி செய்தார். போகும்போது இயந்திரத்தைச் செல்லமாகத் தட்டி, "நல்லா ஓட்டுங்க சார்" என்று வாயெல்லாம் பல்லாகச் சொல்லிவிட்டுப் போனார். இந்த அலுவலகத்தில் சிரிக்கவும் ஒரு ஆள் இருக்கிறானே என்று எழுத்தருக்கு வயிறெரிந்தது.

சுழி போட்ட சான்றிதழோடு மைத்துனன் மறுபடி கிடங்குக்குப் போனான். மறுபடி வந்தான்.

"ஒரு சுழி போட்டா கெட்டவன் நல்லவனாயிடுவானான்னு கேக்கறாரு மாமா. யார் போட்டதுன்னாரு. எங்க மாமாதான்னு பெருமையாச் சொன்னேன். வேற ஆள் எடுத்துக்கறேன்னுட்டாரு."

எழுத்தருக்கு இரத்தம் கொதித்தது. மாறுதல் ஆனாலும் சரி, வேலையே போனாலும் சரி என்று மறுநாள் மேடத்தின் அறைக்குள் நுழைந்தார்.

"மேடம், இது அநியாயம்! ஒரு சுழியைத் திருடி ஊரையே கெட்டவனாக்கிட்டோம். ஒரு தாள்ல முடியற வேலைக்கு அஞ்சு தாள் போகுது. இதுக்குப் பேரு சிக்கனமா?"

மேடம் கோபப்படவில்லை. பரவசத்தில் இருந்தார். "தாளை விடுங்க. மை டப்பாவை இன்னும் மாத்தவே இல்லை, கவனிச்சீங்களா? தலைமையகத்துல எனக்குப் பாராட்டுப் பத்திரம் தர்றாங்க. குண்டு எழுத்துல!"

இதற்குமேல் சுவரிடம்தான் பேச வேண்டும். சுவரில் 'மையைச் சேமிப்போம்' என்று இருந்தது. எழுத்தர் வெளியே வந்து பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமா!"

எதிரே மைத்துனன் நின்றிருந்தான். குளித்திருந்தான். சட்டைப் பையில் கம்பெனிப் பெயர் தைத்த புதுச் சட்டை, தோளில் கருவிப் பை. அவனுக்குப் பின்னால் அச்சு இயந்திரக் கம்பெனி ஆள், அதே சிரிப்போடு.

"வேலை கெடச்சிருச்சு மாமா! உங்க ஆபீஸ் மெஷினைப் பாத்துக்கறதுதான். வீட்ல இருந்தே நடந்து வந்துடலாம். சோபாவுக்குப் புது உறை போடணும்னு அக்கா சொல்லிட்டா."

எழுத்தர் நாற்காலியிலிருந்து எழுந்தார். "நன்னடத்தைச் சான்றிதழ்?"

"அதெல்லாம் எங்களுக்கு வேணாம் சார்" என்றார் கம்பெனி ஆள். "உங்க மச்சான்னு சொன்னாரு. அது போதாதா?"

"ஒரே ஒரு மெஷினுக்குத் தனியா ஒரு ஆளா? சம்பளம் குடுக்க உங்க கம்பெனிக்குத் திடீர்னு எங்கேருந்து இவ்வளவு வசதி வந்துச்சு?"

"என்ன சார், தெரியாத மாதிரி கேக்கறீங்க? ஒரு பக்கத்துக்கு இவ்வளவுன்னுதான் உங்க ஆபீஸ் எங்களுக்குப் பணம் தருது, மையெல்லாம் எங்க செலவு. நீங்க மிச்சம் பிடிச்சுக் குடுத்த மையிலதான் உங்க மச்சானுக்குச் சம்பளமே!"